நீள்கழுத்து டைனோசர்கள்: எலும்பு எவ்வளவு, ஊகம் எவ்வளவு?

டைனோசர்களைப் பற்றிப் பேசப் பள்ளிகளுக்குப் போகும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிசு, சார்?" பின்வரிசையில் நிற்கும் ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் தயங்கி, "அது எப்படிச் சார் தெரியும்?" என்பார். எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்வி. அதனால் கீழே உள்ள பதில்களில் கையில் இருக்கும் எலும்பு எது, அதை வைத்துப் போட்ட கணக்கு எது என்பதை இயன்றவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

நீள்கழுத்து டைனோசர் என்பது ஒரே விலங்கா?

இல்லை, அது ஒரு பெரிய கூட்டம். அறிவியலில் அதற்குச் சாரோபாட் என்று பெயர். 1878-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஒத்னியேல் மார்ஷ் வைத்த பெயர் அது. 'பல்லிக்கால்' என்று பொருள். தூண் போன்ற நான்கு கால்கள், சின்னத் தலை, நீண்ட கழுத்து, அதற்கு ஈடாக நீண்ட வால், முழுக்க முழுக்கத் தாவர உணவு. டிப்ளோடோகஸ், பிராக்கியோசரஸ், பிராண்டோசரஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். கடைசிக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பிரிவு டைட்டனோசர்கள். இந்தியாவில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இவற்றின் எலும்புகளே.

படப் புத்தகங்களில் எல்லாவற்றையும் ஒரே குளக்கரையில் நிறுத்திவிடுகிறார்கள். டிப்ளோடோகஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஜபல்பூரின் டைட்டனோசர்கள் வாழ்ந்தது 7 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாக. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள காலம், ஜபல்பூர் விலங்குக்கும் நமக்கும் நடுவே உள்ள காலத்தைவிட அதிகம்.

எல்லாவற்றிலும் பெரியது எது?

நல்ல ஆதாரத்தோடு சொல்லக்கூடியவை இரண்டு. இரண்டும் அர்ஜென்டினாவில் கிடைத்தவை.

முதலாவது அர்ஜென்டினோசரஸ். 1987-இல் நெயுக்கென் மாகாணத்தில் பிளாசா உயின்குல் ஊருக்கு அருகே ஒரு பண்ணைக்காரரின் நிலத்தில் தட்டுப்பட்டது. காலின் கீழ்ப்பகுதி எலும்பைப் பார்த்த அவர் அதைக் கல்மரம் என்றே நினைத்தார். 1993-இல் ஹோசே போனபார்ட்டேயும் ரொடால்போ கோரியாவும் பெயரிட்டார்கள். அதன் ஒரு முதுகு முள்ளெலும்பு மட்டுமே ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். பக்கத்தில் நின்றால் பலருக்குத் தலை அதற்கு மேலே தெரியாது. ஆனால் கிடைத்தவை சில முள்ளெலும்புகள், ஒரு கால் எலும்பு, இன்னும் சில துண்டுகள் மட்டுமே. 30 முதல் 35 மீட்டர் நீளம், 65 முதல் 80 டன் எடை என்பதெல்லாம் அந்தச் சொற்ப எலும்பிலிருந்து விரித்த கணக்கு.

இரண்டாவது படகோடைட்டன். சுபுத் மாகாணத்தின் லா பிளேச்சா பண்ணையில் ஒரு பண்ணைத் தொழிலாளி கண்டது; 2017-இல் முறைப்படி விவரிக்கப்பட்டது. இங்கே நிலைமை எவ்வளவோ மேல். குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் ஒரே இடத்தில் கிடைத்தன. தொடை எலும்பின் நீளம் 2.38 மீட்டர். மொத்த நீளம் ஏறக்குறைய 37 மீட்டர், அதாவது மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். முதலில் சுமார் 69 டன் என்றார்கள். 2020-இல் இன்னொரு குழு 57 டன்னுக்குக் குறைத்தது.

எது பெரியது என்று என்னைக் கேட்டால், அர்ஜென்டினோசரஸ் பெரியதாக இருக்கலாம், ஆனால் நான் பந்தயம் கட்டுவது படகோடைட்டன் மேல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும். ஒரு முள்ளெலும்பை வைத்து முழு விலங்கைப் பதம் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

நீலத் திமிங்கிலம் இவை எல்லாவற்றையும்விட எடை மிகுந்தது. ஆனால் அதைத் தாங்குவதற்குக் கடல் இருக்கிறது. சாரோபாட்டுக்கு இருந்தவை நான்கு கால்கள்.

எலும்பை வைத்து எடையை எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. மேல்கை எலும்பு, தொடை எலும்பு ஆகியவற்றின் சுற்றளவை அளந்து, இன்றைய விலங்குகளில் அந்தச் சுற்றளவு எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. எலும்புக்கூட்டைக் கணினியில் பதிவு செய்து, அதன்மேல் தசையும் தோலும் போர்த்தி, கொள்ளளவிலிருந்து எடையைக் கணக்கிடுவது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

டிரெட்நாட்டஸ் என்ற அர்ஜென்டினா டைட்டனோசரின் கதையைப் பாருங்கள். 2014-இல் அறிவித்தபோது முதல் வழியில் 59 டன் என்றார்கள், செய்தித்தாள்கள் கொண்டாடின. மறுவருடமே வேறொரு குழு இரண்டாம் வழியில் கணக்கிட்டு, அவ்வளவு எடைக்கு அந்த எலும்புக்கூட்டின்மேல் நம்ப முடியாத அளவு சதையைப் போர்த்த வேண்டியிருக்கும், 40 டன்னுக்கு அருகில்தான் வரும் என்றது. விலங்கு அதேதான், எலும்பும் அதேதான். ஆகவே எந்தச் செய்தியிலும் டன் கணக்கைக் கண்டால், எந்த வழியில் வந்த எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகிலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்தான் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஆம் என்று சொல்லவும் ஆசை, இல்லை என்று சொல்லவும் மனமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றொரு ஊர் இருக்கிறது. அப்போது அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். காவிரிப் படுகையின் மேல்பகுதிப் பாறைகள், டைனோசர் யுகத்தின் கடைசிக்கட்டம். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பெரிய எலும்புகளைக் கண்டு, 1980-களின் இறுதியில் ப்ருஹத்காயோசரஸ் மேட்லி என்று பெயரிட்டார்கள். 'ப்ருஹத்காய' என்றால் பேருடல். 'மேட்லி' என்பது திருச்சிப் பகுதி டைனோசர்களைப் பற்றி 1929-லேயே எழுதிய சார்லஸ் மேட்லியின் நினைவாக.

முதலில் இதை ஊனுண்ணி வகையில் சேர்த்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் இது டைட்டனோசராகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். காரணம், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் நீளம் 2 மீட்டர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அர்ஜென்டினோசரஸின் கீழ்க்கால் எலும்பு சுமார் 1.55 மீட்டர். கணக்குப் போடுகிறவர்களுக்குக் கை பரபரக்குமா, பரபரக்காதா? 100 டன்னுக்கு மேல் போகும் மதிப்பீடுகள் வந்தது இப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த எலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டுக் களிமண் மழையில் ஊறிப் பருக்கும், வெயிலில் காய்ந்து சுருங்கும். ஆண்டுக்கணக்கில் அதற்குள் கிடந்த எலும்பு உள்ளேயே பொடிந்துபோயிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும் சில வழியிலேயே உதிரத் தொடங்கின. மிஞ்சியவையும் பின்னர் சிதைந்துவிட்டன. முதல் கட்டுரையில் இருந்தவை சில கோட்டோவியங்களும் சுருக்கமான விவரிப்பும் மட்டுமே. எனவே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், இது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்கு இடமும் இருந்தது: அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது.

2022-இல் அய்யாசாமியும் பால் என்ற ஆய்வாளரும் களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். அவற்றில் தெரிவது மரம் அல்ல, எலும்புதான் என்பது இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது. அர்ஜென்டினாவில் மரம் என்று நினைத்தது எலும்பாயிற்று. இங்கே எலும்பென்று எடுத்ததை மரமென்று சொன்னார்கள்.

என் பதில்: கல்லமேட்டில் ஒரு பிரம்மாண்டமான டைட்டனோசர் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 'உலகிலேயே பெரியது' என்ற பட்டத்தைச் சூட்ட மட்டும் அளந்து பார்க்க ஓர் எலும்பு வேண்டும். அந்த மண்ணில் இன்னொன்று இருக்காது என்று யாரும் சொல்லவில்லை.

அரியலூர், பெரம்பலூரில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது வந்த உருண்டைக் கற்களைத்தானே சொல்கிறீர்கள்? அவை அம்மோனைட் என்ற கடல் உயிரிகளைச் சுற்றிப் படிந்து உருண்ட கற்கள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். அந்த வட்டாரம் அக்காலத்தில் பெரும்பகுதி கடல். கல் உருண்டையாக இருப்பதால் மட்டும் முட்டை ஆகிவிடாது. ஓட்டின் அமைப்பு நுண்ணோக்கியில் தெரிய வேண்டும்.

அப்படியானால் உண்மையான முட்டைகள் இந்தியாவில் எங்கே?

மத்திய, மேற்கு இந்தியாவில் ஏராளம். குஜராத்தின் பாலாசினோருக்கு அருகே ரய்யோலியில் 1980-களின் தொடக்கத்திலேயே கிடைத்தன. இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் கண்டதாக 2023-இல் ஒரு குழு அறிவித்தது. ஒவ்வொரு முட்டையும் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம். இவ்வளவு பெரிய விலங்குக்கு இவ்வளவு சின்ன முட்டையா என்று தோன்றும். ஒரு தேங்காய் அளவிலிருந்து புறப்பட்டு, சில பத்தாண்டுகளில் பல டன் உடலை எட்டியிருக்கின்றன. எலும்பை மெல்லிய வில்லையாக அறுத்துப் பார்த்தால் அந்த வேகமான வளர்ச்சியின் தடம் தெரிகிறது.

அதே தார் மாவட்டத்தின் பாட்லியா கிராமத்தில் சிலர் இந்த உருண்டைகளைத் தலைமுறை தலைமுறையாகக் 'காகர் பைரவ்' என்று வழிபட்டுவந்தார்கள். வயலையும் மாட்டையும் காக்கும் தெய்வம். ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது சாமி டைட்டனோசர் முட்டையாக இருந்தது. எல்லைச்சாமிக்குக் கல் நட்டுப் பழகிய நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வணங்கியதால்தான் உடைபடாமல் இருந்தன.

முட்டையைச் சொல்லும்போது பாம்பை விட முடியாது. குஜராத்தின் தோலி துங்ரியில் தனஞ்செய் மொஹபே 1980-களில் எடுத்த ஒரு கல்லில் முட்டைகளோடு குஞ்சின் எலும்புகள் இருப்பதாகவே முதலில் கருதப்பட்டது. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெப்ரி வில்சன் அதைப் பார்த்து, முள்ளெலும்புகளில் சில பாம்பினுடையவை என்று கண்டுகொண்டார். சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பு, நசுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்டு, பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. கூட்டுக்கு இரை தேடி வந்த இடத்தில் மண் சரிந்து எல்லாவற்றையும் ஒன்றாக மூடிவிட்டது. 2010-இல் அந்தப் பாம்புக்குச் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். இந்தியப் புதைபடிவங்களிலேயே இதற்கு இணையான காட்சி வேறில்லை என்பது என் கட்சி.

முழு எலும்புக்கூட்டை இந்தியாவில் எங்கே பார்க்கலாம்?

கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் புவியியல் அருங்காட்சியகத்தில். புள்ளியியலுக்கும் டைனோசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதை நிறுவிய மகலனோபிஸுக்கு எதையும் அளந்து பார்க்கும் ஆர்வம் உண்டு. லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை வரவழைத்து ஒரு புவியியல் பிரிவையே தொடங்கிவிட்டார். அந்தப் பிரிவினர் இன்றைய தெலங்கானாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியபோது சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. அவற்றைக் கொண்டு நிறுத்தியதுதான் பராபாசரஸ் தாகூரி. 'பரா பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால். தொடை எலும்பு 1.7 மீட்டர். களப்பணி நடந்த 1961, தாகூரின் நூற்றாண்டு. ஒரு கவிஞரின் பெயரைச் சுமக்கும் டைனோசர்கள் உலகில் அதிகம் இல்லை.

நீளம் சுமார் 14 மீட்டர்தான். ஆனால் வயதில் மூத்தது. சாரோபாட்கள் பெருகத் தொடங்கிய ஜுராசிக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஒரு குறை: மண்டை ஓடு கிடைக்கவில்லை, சில பற்கள் மட்டுமே. அங்கே நிற்கும் உருவத்தின் தலை ஊகம். ஐதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசரஸ் நிற்கிறது. அதுவும் அதே கோதாவரிப் பள்ளத்தாக்குதான்.

டைட்டனோசர் என்ற பெயரே இந்தியாவிலிருந்து வந்ததாமே?

ஆம். 1828-இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி சில எலும்புகளைப் பொறுக்கினார். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்களை ஒடுக்கியதற்காகப் பின்னால் பெயர் பெற்ற அதே ஸ்லீமன்தான். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. ரிச்சர்ட் ஓவன் அதை உருவாக்கியது 1842-இல். ஜபல்பூர் வால் எலும்புகளுக்கு 1877-இல் ரிச்சர்ட் லைடெக்கர் டைட்டனோசரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். அதிலிருந்து உலகெங்கும் ஒரு குலமே பெயர் எடுத்துக்கொண்டது.

பிறகு அந்த எலும்பு காணாமல் போனது. 2012-இல்தான் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலேயே கண்டெடுத்தார்கள். இதற்கிடையில், இந்த வால் எலும்பின் அடையாளங்கள் எத்தனையோ டைட்டனோசர்களில் இருக்கின்றன, தனி இனம் என்று பிரிக்க இது போதாது என்று 2003-இல் தீர்ப்பாகிவிட்டது. வம்சம் தழைத்தது, அதற்குப் பெயர் கொடுத்தவருக்கு மட்டும் பட்டா இல்லை.

அவ்வளவு நீளக் கழுத்தை எப்படித் தூக்கிக்கொண்டு நடந்தன?

உள்ளே காற்று. பறவைகளுக்கு இருப்பது போலவே நுரையீரலிலிருந்து கிளைத்த காற்றுப் பைகள் கழுத்து முள்ளெலும்புகளுக்குள் புகுந்திருந்தன. எலும்பை வெட்டிப் பார்த்தால் தேன்கூடு போலிருக்கும். கொள்ளளவில் பாதிக்கு மேல் வெற்றிடம். சீனாவின் மாமென்சிசரஸ் சினோகனடோரத்தின் கழுத்து 15.1 மீட்டர் என்று 2023-இல் மதிப்பிட்டார்கள். அதன் கழுத்தெலும்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்று. இந்த 15.1 மீட்டரும் கணக்குதான்: கிடைத்தவை கழுத்தின் தொடக்க எலும்புகள் சில, மீதியை, முழுக் கழுத்தும் கிடைத்த நெருங்கிய உறவினமான சின்ஜியாங்டைட்டனோடு ஒப்பிட்டு நிரப்பினார்கள்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தில் ஏழே எலும்புகள். சாரோபாட்கள் எண்ணிக்கையையும் கூட்டின, ஒவ்வொன்றையும் நீட்டவும் செய்தன.

தலை ஏன் இவ்வளவு சின்னது? என்ன தின்றன?

மெல்லவில்லை, அதனால்தான். மெல்லுவதற்குக் கடைவாய்ப் பல்லும் பெரிய தாடைத் தசையும் வேண்டும். அவ்வளவு கனத்தைப் பத்து மீட்டர்க் கழுத்தின் நுனியில் தொங்கவிட முடியாது. கொய்தன, விழுங்கின, மற்றதை வயிறு பார்த்துக்கொண்டது. கொய்வதில் பல் தேயும். நைஜர் நாட்டின் நைஜர்சரஸ் ஒவ்வொரு பல்லையும் 14 நாளுக்கொரு முறை மாற்றியது.

நேரடிச் சாட்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த டயமன்டினாசரஸ் ஒன்றின் வயிற்றுக்குள்ளேயே கடைசி உணவு கல்லாகியிருந்ததை 2025-இல் விவரித்தார்கள். ஊசியிலை மரத் துண்டுகள், பூக்கும் தாவரங்களின் இலைகள், எல்லாம் மெல்லாமல் விழுங்கியவை.

நம் பக்கத்துச் சாட்சி கொஞ்சம் கீழிறங்கியது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்துப் பிஸ்துராவில் கல்லாகிப்போன சாணம் கிடைக்கிறது, டைட்டனோசர்களுடையது என்று கருதப்படுவது. 2005-இல் வந்தனா பிரசாத் குழுவினர் அதற்குள் புல்லின் நுண்துகள்களைக் கண்டார்கள். அதுவரை டைனோசர் காலத்தில் புல் பரவியிருக்கவில்லை என்பதே பாடம். பின்னர் அதில் நெல்லின் சொந்தக்காரப் புற்களும் இருந்தது தெரிந்தது. இந்தச் செய்தியைத் தஞ்சைப் பக்கத்து மாணவர்களிடம் சொன்னால் வகுப்பறை நிமிர்ந்து உட்காரும்.

ஏரியிலும் சதுப்பிலும் மிதந்து வாழ்ந்தன என்று படித்திருக்கிறேனே?

பழைய புத்தகம். கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆழத்தில் நின்றால் நீரழுத்தம் நெஞ்சை விரியவிடாது, மூச்சே வாங்க முடியாது என்று 1951-லேயே காட்டிவிட்டார்கள். கால்தடங்களும் தரையில்தான் இருக்கின்றன.

பிராண்டோசரஸ் என்று ஒன்று உண்டா, இல்லையா?

இப்போதைக்கு உண்டு. மார்ஷ் 1877-இல் அபடோசரஸ், 1879-இல் பிராண்டோசரஸ் என்று பெயரிட்டார். இரண்டும் ஒரே இனம் என்று 1903-இல் பின்னதை நீக்கினார்கள். 2015-இல் ஒரு பெரிய ஒப்பீடு அதை மீட்டது. அதற்கும் மேலே ஒரு கூத்து: அமெரிக்க அருங்காட்சியகங்களில் இந்த விலங்குக்குப் பல பத்தாண்டுகள் வேறு வகைத் தலையை மாட்டியிருந்தார்கள். பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகம் சரியான தலையைப் பொருத்தியது 1979-இல்.

இவ்வளவு பெரிய எலும்பை எப்படி எடுத்து வருகிறார்கள்?

கால் உடைந்தவருக்குப் போடுவது போலவே மாவுக்கட்டு. சுற்றி மண்ணை அகற்றி, எலும்பைக் காகிதத்தால் மூடி, சாக்குத் துணியை மாவில் நனைத்துச் சுற்றி, காய்ந்தபின் புரட்டி மறுபுறமும் சுற்றுவார்கள். பிறகு ஆய்வகத்தில் மாதக்கணக்கில் சுரண்டல்.

லாரி இல்லாத காலத்தில் ஆள்தான். ஜெர்மனியின் ஆதிக்கத்தில் இருந்த தான்சானியாவின் தெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை நூற்றுக்கணக்கான உள்ளூர் மக்கள் தோண்டினார்கள். மூங்கில் கூடுகளில் கட்டிய எலும்புகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து லிண்டி துறைமுகம் வரை நாள்கணக்கில் நடந்தார்கள். ஏறக்குறைய 250 டன் பெர்லினுக்குப் போனது. அங்கே 13 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜிராபடைட்டனைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுமைகாரர்களை நினைப்பதில்லை. எலும்புகளைத் திரும்பக் கொடுப்பது பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

அருங்காட்சியகத்தில் நிற்பது நிஜ எலும்பா?

இடத்தைப் பொறுத்தது. பெர்லினில் பெரும்பகுதி நிஜம், கொல்கத்தாவிலும் அப்படியே. லண்டனில் 1905 முதல் நின்ற டிப்ளோடோகஸ் முழுக்க வார்ப்பு. நியூயார்க்கில் தலை மண்டபத்துக்கு வெளியே நீண்டு நிற்கும் படகோடைட்டனும் வார்ப்புதான்; நிஜ எலும்பின் கனத்தை அப்படித் தொங்கவிடுவது பெரும்பாடு. ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பலகையில் எழுதியிருப்பார்கள், படித்தால் தெரியும்.

என் வயலில் எலும்பு போல ஒரு கல் கிடைத்தது. என்ன செய்வது?

தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாத எலும்பு, முகவரி கிழிந்த கடிதம். படத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகில் உள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அனுப்புங்கள். அரியலூர்ப் பக்கம் என்றால் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் போய்க் கேட்கலாம். உங்கள் கல் அம்மோனைட்டா என்பதை அங்கிருப்பவற்றோடு ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும்.

களத்தில் ஒரு பழைய சோதனை உண்டு: நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பது. எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் பல நேரம் நாக்கில் ஒட்டும், சாதாரணக் கல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் பிஸ்துரா பக்கம் போனால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுங்கள்.